முன்தோல் இறுக்கம்: களிம்பா, சிறு திருத்தமா, முழு நீக்கமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மருந்துக்கடையில் நிற்கிறவனிடம் ஆண்கள் நேராகக் கேட்கத் தயங்கும் கேள்வி இது. கடையில் பெண்கள் இல்லாத நேரம் பார்த்து வருவார்கள். தலைவலி மாத்திரை வாங்கிப் பணமும் கொடுத்த பிறகுதான் "இன்னொன்று, அண்ணா" என்று ஆரம்பிப்பார்கள். ஆண்குறியின் முன்தோல் பின்னால் போவதில்லை, போனால் வலிக்கிறது, அல்லது வெடித்துப் புண்ணாகிறது. ஒருவரிடம் மருத்துவர் "எடுத்துவிடலாம்" என்று சொல்லியிருப்பார். இன்னொருவர் இழுத்து இழுத்தே சரிசெய்துவிடலாம் என்று எங்கோ படித்திருப்பார். நடுவில் நின்றபடி மாதங்கள் போய்விடும். அப்படி நிற்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களையும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் தலைமுறைகளாக இருப்பவர்களையும் மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

## எதை வைத்து முடிவெடுப்பது

எந்தச் சிகிச்சை என்று கேட்பதற்கு முன், எந்த மாதிரி இறுக்கம் என்று பார்க்க வேண்டும். வெந்நீரில் குளித்து முடித்ததும் நல்ல வெளிச்சத்தில் தோலின் விளிம்பைப் பாருங்கள். சுருக்குப்பையின் வாய்போல் குறுகியிருந்தாலும், தோல் மிருதுவாக, சுற்றியுள்ள நிறத்திலேயே, இழுத்தால் கொஞ்சமாவது விரிகிறதா? அப்படியானால் நேரமும் வழியும் உங்களிடம் இருக்கின்றன. விளிம்பு வெளுத்து, தடித்து, பளபளப்பான வளையமாக இருந்து, இழுத்தால் வெடிக்கிறதா? அது பெரும்பாலும் லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்ற தோல் நோயின் தழும்பு. இந்த இரண்டாவது வகையை முதல் வகையாக நினைத்து வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டிருப்பவர்கள்தான் அதிகம் கஷ்டப்படுகிறார்கள்.

அடுத்த கேள்வி, எப்போதிலிருந்து? குழந்தைகளுக்கு முன்தோல் ஒட்டியிருப்பது இயல்பு. பதினாறு, பதினேழு வயதுக்குள் ஏறக்குறைய எல்லோருக்கும் தானாகவே விலகிவிடும். நூற்றில் ஓரிருவருக்கு மட்டும் இறுக்கம் மிஞ்சும். அவர்கள் கதை வேறு. இருபது வருடம் சரியாக இருந்துவிட்டு நாற்பதில் இறுக ஆரம்பித்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் செய்யும் எந்த வைத்தியமும் அரைகுறைதான்.

எங்கள் ஊரில் அந்தக் காரணம் பெரும்பாலும் சர்க்கரை. தென்னாப்பிரிக்க இந்தியர்களிடையே நீரிழிவு எவ்வளவு பரவியிருக்கிறது என்பது எந்தக் குடும்பத்துக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சிறுநீரில் சர்க்கரை சேரும்போது முன்தோலுக்கு அடியில் பூஞ்சை வளர்கிறது. புண் ஆறுகிறது, மறுபடி வருகிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தழும்பு மிஞ்சுகிறது.

ஐம்பதைத் தாண்டிய ஒருவர், பூஞ்சைக்கான கிளோட்ரிமசோல் களிம்பை மாதம் ஒரு குழாய் என்று வாங்கிக்கொண்டிருந்தார். "காலுக்கு" என்பார். ஒருநாள் விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கலாமா என்று கேட்டேன். கருவி 17 காட்டியது. ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு இந்த எண் சிறியதாகத் தோன்றும். இங்கே மில்லிமோலில் அளக்கிறார்கள். 18 ஆல் பெருக்கினால்தான் சென்னைக் கணக்கு. 17 என்றால் 300-க்கு மேல். வெறும் வயிற்றில் 7.0-ஐத் தொட்டாலே நீரிழிவு என்று சந்தேகித்து மறுபரிசோதனை செய்வார்கள். அவருக்குத் தேவைப்பட்டது அடுத்த குழாய்க் களிம்பு அல்ல.

சர்க்கரைக்கு ஏற்கெனவே மருந்து எடுப்பவர்கள் மருந்தின் பெயரையும் பார்க்க வேண்டும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவை உடலிலுள்ள சர்க்கரையைச் சிறுநீர் வழியாகவே வெளியேற்றுகின்றன. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்ல மருந்துகள், ஆனால் இந்த இடத்தில் பூஞ்சையைக் கூட்டும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். எழுதிக் கொடுத்தவரிடம் இந்தத் தொல்லையைச் சொல்லுங்கள்.

மீதிக் கேள்விகள் சுருக்கமானவை. எது தடைப்படுகிறது: தாம்பத்தியமா, சிறுநீரா, சுத்தமா? எவ்வளவு நாள் ஒதுக்க முடியும்? மெடிக்கல் எய்ட் என்கிற தனியார் மருத்துவக் காப்பீடு இருக்கிறதா? தோலைக் காப்பாற்றிக்கொள்ளும் விருப்பம் எவ்வளவு? வலியில்லை, சிறுநீர் தடையில்லை, புண் வருவதில்லை, முழுதாகப் பின்னால் போகவில்லை என்ற குறை மட்டும்தான் என்றால், ஒன்றும் செய்யாமலிருப்பதும் சரியான தேர்வுதான்.

இறுகுவது வளையமல்ல, அடியில் இருக்கும் நரம்புபோன்ற இழைதான் இழுக்கிறது என்றால் அது தனிப் பிரச்சினை. அந்த இழையை மட்டும் நீட்டித் தைக்கும் சின்ன அறுவை போதும். மருத்துவரிடம் விரலால் தொட்டுக் காட்டுங்கள். இரண்டையும் ஒன்றாகப் பேசிக் குழப்பிக்கொண்டு தேவையில்லாமல் முழுத் தோலையும் இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

## ஸ்டீராய்டு களிம்பும் இழுப்புப் பயிற்சியும்

மிருதுவான இறுக்கத்துக்கு இதுதான் முதல் வழி. வழக்கமாக எழுதித் தருவது பீட்டாமெதசோன். இங்கே அதற்கு மருத்துவரின் சீட்டு வேண்டும். சீட்டில்லாமல் கிடைக்கும் 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் இந்த வேலைக்குப் பலம் போதாது.

களிம்பு தோற்றதாகச் சொல்பவர்களில் பாதிப்பேர் அதைத் தவறான இடத்தில் தடவியிருப்பார்கள். தோலை வலிக்காத அளவுக்குப் பின்னால் இழுத்தால் ஓரிடத்தில் இறுகி நிற்கும். அந்த வளையத்தின் மேல்தான் மெல்லிய படலமாகத் தடவ வேண்டும். தலைப்பகுதி முழுக்கப் பூசுவதில் பயனில்லை. காலையும் இரவும், நான்கிலிருந்து எட்டு வாரம். ஒன்றிரண்டு வாரத்தில் தோல் இளக ஆரம்பித்ததும், குளித்த பிறகு சில நிமிடம் மெதுவாக இழுத்துப் பிடித்து விடுவது சேர்ந்துகொள்ள வேண்டும். இறுக்கம் தெரிய வேண்டும், வலி தெரியக் கூடாது. வெடித்தால் ஆறும்வரை நிறுத்துங்கள். வெடிப்பு ஒவ்வொன்றும் புதுத் தழும்பு.

சிறுவர்களிடம் இந்த முறை பெரும்பாலோருக்குப் பலிக்கிறது. பெரியவர்களிடம் அந்த அளவுக்கு இல்லை. தழும்பு இருந்தால் இன்னும் குறைவு. பலித்த பிறகும் தினமும் பின்னால் இழுத்துக் கழுவும் பழக்கத்தை விட்டால் இறுக்கம் திரும்பி வரும்.

இதன் மறைவான செலவு பணமல்ல. பூஞ்சைப் புண் இருக்கும்போது ஸ்டீராய்டை மட்டும் பூசினால் புண் உள்ளுக்குள் பெருகும். முதலில் பூஞ்சையை முடித்துக்கொள்ள வேண்டும். விடுமுறைக்குப் போய்வரும்போது பெட்டியில் வரும் கலவைக் களிம்புகளும் இதில் சேர்த்தி. ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் மூன்றும் கலந்தவை. இரண்டு நாளில் அரிப்பு அடங்கும். அதனாலேயே மாதக்கணக்கில் தடவித் தோலை மெலியவைத்துக்கொள்கிறார்கள். இன்னொன்று: களிம்பில் பாரஃபின் இருந்தால் அது ரப்பர் ஆணுறையைப் பலவீனமாக்கும். எச்ஐவி இவ்வளவு பரவியுள்ள நாட்டில் இதைச் சொல்லாமல் குழாயை நீட்டுவது பொறுப்பற்ற செயல்.

சாவ்லான், டெட்டால், ஸாம்பக் களிம்பு மூன்றையும் அந்த இடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். இங்கே எல்லார் வீட்டுக் குளியலறையிலும் இருப்பதால் கை தானாகப் போகும். எரிச்சலை உண்டாக்கி, இறுக்கத்தைக் கூட்டிவிடும். வெறும் வெதுவெதுப்பான தண்ணீர் போதும்.

சிலிக்கோன் வளையங்கள். இணையத்தில் விற்கிறார்கள், சின்ன அளவிலிருந்து பெரிய அளவுக்கு மாற்றிக்கொண்டே போக வேண்டும். கைப்பயிற்சிக்குப் பொறுமையில்லாத, தோல் மிருதுவாக உள்ள இளைஞர்களுக்கு உதவலாம். ஆதாரம் குறைவு. மரத்துப்போனாலோ வீங்கினாலோ உடனே கழற்ற வேண்டும். நீரிழிவால் உணர்ச்சி மங்கியவர்களுக்கு இது வேண்டவே வேண்டாம், அழுத்துவதே தெரியாது.

## தோலை வைத்துக்கொண்டே விரிக்கும் அறுவை

பிரெப்யூஷியோபிளாஸ்டி என்று பெயர். இறுகிய வளையத்தில் நீளவாக்கில் ஒரு சிறு கீறல் போட்டு, அதையே குறுக்குவாக்கில் தைப்பார்கள். சுற்றளவு கூடுகிறது, தோல் தங்குகிறது. முழு நீக்கத்தைவிட வலி குறைவு, ஆறுவதும் சீக்கிரம்.

கேட்கும்போது எல்லோருக்கும் பிடித்துப்போகும். நான் இதை எச்சரிக்கையோடுதான் சொல்வேன். வெளுத்த தழும்புத் தோலில் செய்தால் நோய் மீதித் தோலில் தொடர்ந்து மறுபடி இறுகும். சில வருடத்தில் இரண்டாவது அறுவைக்குப் போக வேண்டிவரும். கீறல் விழுந்த இடத்தில் தோல் சீரற்றுத் தெரியலாம். அடிக்கடி செய்து பழகிய சிறுநீர்ப்பாதை அறுவை மருத்துவரை (யூராலஜிஸ்ட்) தேடவும் வேண்டும். கூச்சப்படாமல் "நீங்கள் இதைச் செய்வதுண்டா?" என்று நேராகக் கேளுங்கள். களிம்பு முழு முறை போட்டும் விரியாத, ஆனால் தழும்பில்லாத, சர்க்கரையில்லாத, தோல் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்: இந்தச் சிறு கூட்டத்துக்கு இதைவிட நல்ல வழியில்லை.

## முழு நீக்கம்

வெளுத்த, கெட்டியான வளையம். சர்க்கரையோடு அடிக்கடி வரும் புண். களிம்பு போட்டும் பலிக்காத இறுக்கம். இவற்றுக்கெல்லாம் முடிவான சிகிச்சை இதுதான். இறுக்கம் திரும்பி வராது. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்தே, அரைமணி நேரம் முன்பின்னாக முடித்துவிடுகிறார்கள். தையல் தானாகக் கரையும். நாற்காலி வேலைக்குச் சில நாளில் திரும்பலாம். பாரம் தூக்குபவர்கள் இரண்டு வாரமாவது தள்ளிப்போட வேண்டும்.

ஆறு வாரம் உடலுறவும் சுயஇன்பமும் கூடாது என்பதை எல்லோரும் தலையாட்டிக் கேட்பார்கள். நாலாவது வாரம் "ஆறிவிட்டது" என்று நினைப்பார்கள். வெளியே ஆறியிருக்கும், உள்ளே ஆறியிருக்காது. முதல் வாரத்தில் இரவில் தானாக வரும் விறைப்பு தையலை இழுத்துத் தூக்கத்தைக் கெடுக்கும். மூடியே இருந்த தலைப்பகுதி உள்ளாடை உரசினாலே கூசும், சில வாரத்தில் அடங்கும். பிற்காலத்தில் உணர்ச்சி குறையுமா என்று கேட்பார்கள். ஆப்பிரிக்காவில் நடந்த பெரிய ஆய்வுகளில் பொதுவாகப் பார்த்தால் பாலியல் வாழ்வு கெட்டதாகத் தெரியவில்லை. ஆனால் மாற்றம் தெரிகிறது என்று சொல்லும் தனிமனிதர்கள் உண்டு, அதைப் பொய் என்று தள்ள மாட்டேன். போன தோல் திரும்பாது.

அறுத்தெடுத்த தோலை நுண்நோக்கிப் பரிசோதனைக்கு அனுப்புகிறார்களா என்று கேளுங்கள். லைக்கன் ஸ்கிளிரோசஸ் உறுதியானால், பிறகும் சிறுநீர் வழியின் வாயைக் கவனித்துவர வேண்டும். அங்கே சுருங்கினால் நீர்த்தாரை மெலியும். நாள்பட்ட இறுக்கம் ஆண்குறிப் புற்றுநோய்க்கு ஓர் அபாயக் காரணம். புற்றுநோய் அபூர்வம்தான்; ஆனாலும் ஆறாத புண், கட்டி, தோலுக்கடியிலிருந்து ரத்தம் என்று எது வந்தாலும் களிம்பு எதுவும் வேண்டாம், நேராக மருத்துவர்.

### இலவச முகாமா, மருத்துவமனையா?

இந்த நாட்டில் எழும் கேள்வி இது. ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து ஆரஞ்சு ஃபார்மில் 3,000-க்கும் மேற்பட்ட இளைஞர்களிடம் நடந்த ஆய்வு, முன்தோல் நீக்கியவர்களுக்குப் பெண்களிடமிருந்து எச்ஐவி தொற்றுவது ஏறக்குறைய 60 சதவீதம் குறைகிறது என்று 2005-இல் காட்டியது. கென்யாவிலும் உகாண்டாவிலும் அதே முடிவு வந்தது. 2007-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு மன்னர் ஷாகா காலத்தில் ஜூலு மக்கள் கைவிட்ட வழக்கத்தை, அண்மைக்கால ஜூலு மன்னர் குட்வில் ஸ்வெலித்தினி மீட்டெடுக்கச் சொன்னார். 2010 முதல் அரசு இதை இலவசமாகச் செய்கிறது, டர்பன் இருக்கும் குவாசூலு-நட்டால் மாகாணம்தான் முன்னோடி.

ஆகவே ஒரு ராண்டும் இல்லாமல் முடித்துக்கொள்ளலாமே என்று கேட்பது நியாயம்தான். ஆனால் அந்த முகாம்கள் ஆரோக்கியமான தோலுக்காக அமைந்தவை. ஆய்வுகளில் சிக்கல் வந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 2 முதல் 4 பேர் என்ற கணக்கும் ஆரோக்கியமான இளைஞர்களுக்கு உரியது. ஒட்டிய, தழும்பேறிய, புண்ணுள்ள தோலையோ கட்டுக்கு வராத சர்க்கரையையோ பார்த்தால் நல்ல முகாம் உங்களை மருத்துவமனைக்குத்தான் அனுப்பும். அனுப்பாவிட்டால் நீங்களே கேட்டுப் போங்கள். மிதமான, மிருதுவான இறுக்கம் உள்ள இளைஞருக்கு, எச்ஐவிப் பாதுகாப்பும் வேண்டும் என்றால், முகாம் நல்ல பேரம். ஆணுறையை அது விலக்கிவிடாது. முழுவதும் ஆறும் முன் உறவு கொண்டால் தொற்றும் வாய்ப்பு கூடவே செய்யும்.

அரசு மருத்துவமனை வழி என்றால் முதலில் கிளினிக், பிறகு பரிந்துரைக் கடிதம், பிறகு வெளிநோயாளர் பிரிவு, பிறகு வரிசை. கட்டணம் வருமானத்தைப் பொறுத்தது. அவசரமில்லாத அறுவை என்பதால் காத்திருப்பு நீளும். காத்திருக்கும் காலத்தைச் சர்க்கரையைக் கட்டுக்குக் கொண்டுவரப் பயன்படுத்திக்கொண்டால் காயமும் நன்றாக ஆறும்.

மெடிக்கல் எய்ட் உள்ளவர்கள் முன்அனுமதி எண் வாங்காமல் தேதி குறிக்க வேண்டாம். மருத்துவமனைச் செலவை மட்டும் ஏற்கும் ஹாஸ்பிட்டல் பிளான் வைத்திருந்தால் மருத்துவரின் அறையில் பார்க்கும் முதல் ஆலோசனை உங்கள் சட்டைப்பையிலிருந்துதான். உங்கள் திட்டம் தரும் கட்டண அளவுக்கு மேல் நிபுணர் வசூலித்தால் மிச்சமும் உங்களுடையது. மயக்க மருத்துவரின் பில் தனியாக வரும். அறுவைக்காகவே புதிதாகச் சேரலாம் என்று நினைப்பவர்கள் நிறுத்தி யோசியுங்கள். பொதுவாக மூன்று மாதமும், ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பன்னிரண்டு மாதம் வரையும் காத்திருக்க வைக்கச் சட்டம் இடம் தருகிறது.

வேலையில் என்ன சொல்வது? தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் போகாவிட்டால் முதலாளி மருத்துவச் சான்று கேட்கலாம். நோய் என்னவென்று உங்கள் சம்மதமில்லாமல் மருத்துவர் அதில் எழுத முடியாது. "சிறு அறுவை" என்றிருந்தால் போதும்.

கடைசியாக, வாய்விட்டுச் சொல்லாத தயக்கம்: சுன்னத்து செய்துகொண்டவன் என்று ஆகிவிடுமோ? டர்பனில் நம் தெருவிலேயே முஸ்லிம் குடும்பங்கள் இருக்கின்றன, ஆகவே கேலியும் இருக்கிறது. ஒரு பெரியவர் "செத்தபின் குளிப்பாட்டுகிறவன் என்ன நினைப்பான்?" என்றே கேட்டுவிட்டார். முகாமில் பக்கத்துக் கட்டிலில் இருக்கப்போவது பெரும்பாலும் ஒரு ஜூலு இளைஞன். குடல்வால் எடுத்ததைப் பற்றிக் கேட்காத கோயில் இதைப் பற்றியும் கேட்பதில்லை. தேதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: தைப்பூசக் காவடிக்கோ ஈஸ்டரை ஒட்டி வரும் மாரியம்மன் திருவிழாவுக்கோ முன்னால் ஆறு வாரமாவது இடைவெளி இருக்கட்டும்.

## ஒரே பார்வையில்

| | களிம்பு + பயிற்சி | விரிக்கும் அறுவை | முழு நீக்கம் |
|---|---|---|---|
| பொருத்தமான தோல் | மிருதுவானது | மிருதுவானது, களிம்பு பலிக்காதது | தழும்பேறியது, அடிக்கடி புண்ணாவது |
| ஆகும் காலம் | 4–8 வாரம், பிறகும் பழக்கம் | சில வாரம் | 6 வாரம் |
| திரும்பி வருமா | விட்டால் வரும் | வரலாம் | வராது |
| மறைவான செலவு | பொறுமை, தோல் மெலிதல் | இரண்டாம் அறுவை | தனித்தனி பில்கள், விடுப்பு, திரும்பாத தோல் |
| சர்க்கரை உள்ளவருக்கு | சர்க்கரை கட்டுக்குள் வந்தபின் | பொதுவாக வேண்டாம் | பெரும்பாலும் இதுவே |

முப்பதுக்குக் கீழே, தோல் மிருது, சர்க்கரை இல்லை: களிம்புக்கு இரண்டு மாதம் முழு மனதோடு கொடுங்கள். புதிதாகக் கல்யாணமாகி வலியால் ஒதுங்கியிருப்பவருக்கும் இதே பதில்தான். மனைவியிடம் சொல்லிவிட்டால் அந்த இரண்டு மாதம் சுலபமாகும். ஐம்பதுக்கு மேலே, சர்க்கரையோடு, விளிம்பு வெளுத்திருந்தால் முழு நீக்கத்தைத் தள்ளிப்போடாதீர்கள். பிறகு வேறு நோய்க்குப் படுக்கும்போது சிறுநீர்க் குழாய் செருக முடியாமல் நள்ளிரவில் அவசரமாகக் கீறிவிடுவதைவிட, நீங்களாகத் தேதி குறித்துப் போவது மேல்.

எந்த வழியைத் தேர்ந்தாலும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். பின்னால் இழுத்த தோல் முன்னுக்கு வராமல் மாட்டிக்கொண்டால், தலைப்பகுதி வீங்க ஆரம்பிக்கும். வழவழப்பு ஏதாவது தடவி, உள்ளங்கையால் சில நிமிடம் விடாமல் அழுத்தி வீக்கத்தை வடியவைத்து, தோலை முன்னுக்குத் தள்ளிப் பாருங்கள். வரவில்லையென்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். ரத்த ஓட்டம் நின்றுபோகும் ஆபத்து அது.